கிராக்கோவ்: வடக்கு வாசலில் தொடங்கி ஆற்றின் மறுகரை வரை நடந்து பார்க்க ஒரு வழிகாட்டி

போலந்தின் தெற்கில், விஸ்துலா ஆற்றங்கரையில் இருக்கிறது கிராக்கோவ். இரண்டாம் உலகப் போரில் தலைநகர் வார்சா தரைமட்டமானது. அங்கே பழைய நகரம் என்று இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் போருக்குப் பிறகு மீட்டுக் கட்டியது. கிராக்கோவின் கட்டடங்கள் அந்த அழிவிலிருந்து தப்பின. 1978-இல் யுனெஸ்கோ முதன்முதலாக உலகப் பாரம்பரியச் சின்னங்களை அறிவித்தபோது இடம்பெற்ற 12 இடங்களில் இந்த நகரமும் ஒன்று.

இதைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. பழைய நகரம் சிறியது, தெருக்கள் நேரானவை. ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது முக்கியம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே பெரிய சதுக்கத்துக்குப் போய், அங்கிருந்து கண்ட திசையில் அலைந்து, கால் ஓய்ந்தபின், அரசர்களின் கோட்டை இருக்கும் வாவெல் குன்றில் ஏறுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முடிசூட வந்த அரசர்களும், வெளிநாட்டுத் தூதர்களும், அரசர்களின் இறுதி ஊர்வலங்களும் வந்த வழி ஒன்று இருக்கிறது. அரச வீதி என்று பெயர். வடக்கு வாசலில் நுழைந்து, சதுக்கத்தைக் கடந்து, தெற்கே கோட்டையில் முடியும். முதல் நாளை அதற்குக் கொடுங்கள். யூதர்கள் வாழ்ந்த கஜிமியெஷுக்கும், ஆற்றுக்கு அப்பால் உள்ள போட்கூஜேவுக்கும் இரண்டாம் நாள் வேண்டும்.

கிளம்பும் முன்

விமான நிலையத்திலிருந்து கிராக்கோவ் பிரதான ரயில் நிலையத்துக்கு ரயிலிலேயே வந்துவிடலாம். அங்கிருந்து பழைய நகரத்தின் வடக்கு வாசல் நடக்கும் தூரம்தான். தெருக்களில் கல் பாவியிருப்பார்கள்; மழையில் வழுக்கும். அடிப்பாகம் தடித்த, ஏற்கெனவே போட்டுப் பழகிய காலணி அணிந்துகொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் என்பதால் குளிர்காலத்தில் போகிறவர்கள் காலையிலேயே கிளம்ப வேண்டும்.

போலந்தில் யூரோ புழங்குவதில்லை, நாணயம் ஸ்வோட்டி. கார்டு எங்கும் செல்லும். இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி ஸ்வோட்டியையே தேர்ந்தெடுங்கள், மற்றதில் மாற்று விகிதம் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் சட்டப்படி மூடியிருக்கும், உணவகங்கள் திறந்திருக்கும். அருங்காட்சியகங்கள் பலவற்றுக்குத் திங்கள் விடுமுறை, சிலவற்றுக்குச் செவ்வாய். முந்தின நாளே அந்தந்த இடத்தின் இணையதளத்தில் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். கழிவறைக் கதவில் எழுத்து இல்லாமல் வெறும் வட்டமும் முக்கோணமும் இருந்தால் குழம்ப வேண்டாம்: வட்டம் பெண்களுக்கு, முக்கோணம் ஆண்களுக்கு. கட்டணக் கழிவறைகளுக்காகக் கொஞ்சம் சில்லறை கையில் இருக்கட்டும்.

வடக்கு வாசல்

ரயில் நிலையத்திலிருந்து முதலில் மதெய்கோ சதுக்கத்துக்குப் போங்கள். அங்கே நிற்கும் பெரிய குதிரைவீரர் சிலை, 1410-இல் டியூட்டானிய வீரர்கள் என்ற ஜெர்மானியப் போர்த்துறவிகளைப் போலந்து-லித்துவேனியப் படை வென்ற குருன்வால்ட் போரின் நினைவுச்சின்னம். அதன் 500-ஆவது ஆண்டில், 1910-இல் நிறுவினார்கள். போரின்போது நாஜிகள் இடித்தார்கள். இன்று நிற்பது 1976-இல் மறுபடி எழுப்பியது. இந்த நகரத்தில் கட்டடங்கள் தப்பினாலும் சிலைகள் தப்பவில்லை என்பதை இங்கேயே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சதுக்கத்தில் இன்னொன்றைப் பார்க்கப் போகிறீர்கள்.

சாலையைக் கடந்தால் செங்கல்லில் வட்டமாக ஒரு கொத்தளம். பார்பிகன் என்பார்கள். 1498, 1499 ஆண்டுகளில், துருக்கியப் படையெடுப்பு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் கட்டியது. ஏழு சிறு கோபுரங்கள், மூன்று மீட்டருக்கு மேல் தடித்த சுவர், அம்பு எய்யவும் சுடவும் 130 துளைகள். அந்தக் காலத்தில் இதைச் சுற்றி அகழி இருந்தது. பின்னால் இருக்கும் ஃபுளோரியன் வாசலோடு மூடிய பாதை ஒன்று இதை இணைத்தது. அந்தப் பாதை இன்று இல்லை என்பதால் இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தின் மதிலை இடித்துத் தள்ளினார்கள். ஃபெலிக்ஸ் ராட்வான்ஸ்கி என்ற பேராசிரியர் வாதாடியதால்தான் இந்தக் கொத்தளமும், வாசலும், அதை ஒட்டிய சிறு மதில் துண்டும் பிழைத்தன. இடித்த மதிலும் தூர்த்த அகழியும் இருந்த இடத்தில் மரம் நட்டார்கள். அதுதான் பிளான்டி பூங்கா; ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய நகரத்தைச் சுற்றி வளைத்திருக்கிறது. வழி தவறினால் கவலைப்படாதீர்கள். எந்தத் திசையில் நடந்தாலும் சிறிது நேரத்தில் இந்த மரங்கள் வந்துவிடும். அவற்றை ஒட்டியே நடந்தால் தெரிந்த இடத்துக்குத் திரும்பிவிடலாம்.

வாசலுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் பியார்ஸ்கா தெருவில் மதிலை ஒட்டி நடந்தால் சார்தொரிஸ்கி அருங்காட்சியகம். லியோனார்டோ டா வின்சி வரைந்த 'எர்மினை ஏந்திய பெண்' ஓவியம் இங்கே இருக்கிறது (எர்மின், கீரியைப் போலத் தோன்றும் சிறு பிராணி). சுமார் 1490-இல், மிலான் அரசவையில் இருந்த செசிலியா கல்லெரானியை வரைந்தது. 54 சென்டிமீட்டர் உயரம்தான். வால்நட் மரப் பலகையில் வரைந்த சிறிய படம். முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பிராணியின் மேல் இருக்கும் கையைப் பாருங்கள். விரல் எலும்பின் மடிப்பும், அழுத்தாமல் தாங்கும் பிடியும் தெரியும். போர்க்காலத்தில் இந்த நாட்டை ஆண்ட நாஜி ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்க் இந்த ஓவியத்தைத் தனக்கென்று எடுத்து வைத்திருந்தார். ஒரே ஓர் ஓவியத்துக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குவது தகுமா என்று கேட்டால், தகும் என்றே சொல்வேன். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள்.

திரும்பி வந்து ஃபுளோரியான்ஸ்கா தெருவில் தெற்கே நடங்கள். இன்று இது கடைத்தெரு, கூட்டம் அதிகம். 41-ஆம் எண் ஓவியர் யான் மதெய்கோ பிறந்து, வாழ்ந்து, மறைந்த வீடு. 45-இல் 1895-இல் தொடங்கிய யாமா மிகாலிகா காபிக் கடை இன்றும் நடக்கிறது. இவை இரண்டைத் தவிர இந்தத் தெருவில் நிற்க வேண்டியதில்லை.

நீல நிறத் தள்ளுவண்டிகளில் வளையம் வளையமாக ரொட்டி விற்பார்கள். ஒப்வஜானெக் என்று பெயர். மாவை இரண்டு மூன்று திரியாக முறுக்கி, வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, பிறகு சுடுவது. மேலே எள், கசகசா அல்லது உப்பு தூவியிருக்கும். காலையில் வாங்கினால் மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் இருக்கும். சாயங்காலம் ரப்பர்போல இழுக்கும். ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சதுக்கத்துக்குள் நுழையுங்கள்.

பெரிய சதுக்கம்

1241-இல் மங்கோலியப் படை நகரத்தைச் சூறையாடியது. 1257-இல் கிராக்கோவின் கோமகன் போலெஸ்வாவ் புதிய நகர உரிமைப் பத்திரம் கொடுத்தபோது தெருக்களைக் கட்டம்போட்டுப் பிரித்து, நடுவில் பக்கத்துக்கு 200 மீட்டர் அளவில் ஒரு சந்தைத் திடலை விட்டார்கள். ஐரோப்பாவின் இடைக்காலச் சதுக்கங்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று இது. ரினெக் குவூவ்னி என்று பலகைகளில் இருக்கும்.

புனித மரியாள் ஆலயத்தின் இரண்டு கோபுரங்களும் ஒரே உயரம் இல்லை. ஒன்று 82 மீட்டர், மற்றது 69. கட்டிய அண்ணன் தம்பிக்குள் போட்டி வந்து ஒருவன் மற்றவனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டான் என்று ஊரில் கதை. "அந்தக் கத்தி" துணி மண்டபத்தின் நடைவழியில் இன்றும் தொங்குகிறது.

உயரமான கோபுரத்திலிருந்து ஒவ்வொரு மணிக்கும் எக்காளம் ஒலிக்கும். ஹெய்னாவ் என்ற மெட்டு. நான்கு திசைக்கும் ஒருமுறை வாசித்து, ஒவ்வொரு முறையும் நடுவிலேயே சட்டென்று நின்றுவிடும். மங்கோலியர் வருவதைக் கண்டு எச்சரித்த காவலாளியின் தொண்டையில் அம்பு தைத்ததால் அந்த இடத்தில் நின்றது என்பது மக்கள் சொல்லும் கதை. வாசிப்பவர்கள் நகரத் தீயணைப்புத் துறை வீரர்கள், இரவிலும் வாசிக்கிறார்கள். நண்பகல் வாசிப்பைப் போலந்து வானொலி 1927 முதல் நாடெங்கும் ஒலிபரப்பி வருகிறது. மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஆலயத்தின் கீழே வந்து நின்று மேலே உள்ள சின்ன ஜன்னலைப் பாருங்கள். எக்காளத்தின் பித்தளை வாய் வெளியே நீளுவது தெரியும். வாசித்து முடித்ததும் கீழே இருந்து கையசைத்தால் அவரும் கையசைப்பார்.

ஆலயத்தின் முன்வாசல் வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு; சுற்றுலாப் பயணிகளுக்குப் பக்கவாட்டில் தனி வாசல் உண்டு. டிக்கெட்டை எதிரில் உள்ள அலுவலகத்தில் வாங்க வேண்டும். தோளை மூடிய உடை அணியுங்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் பலிபீடம் இந்த நகரத்தின் பெருஞ்செல்வம். நியூரம்பர்க்கிலிருந்து வந்த ஃபைட் ஷ்டோஸ் என்ற சிற்பி 1477 முதல் 1489 வரை பன்னிரண்டு ஆண்டு உழைத்துச் செதுக்கியது. உயரம் ஏறத்தாழ 13 மீட்டர். நடுவில் அன்னை மரியாள் சாயும் காட்சி. அவளைத் தாங்கும் சீடர்கள் ஆள் உயரத்தையும் மிஞ்சியவர்கள். அவர்களின் கைகளைக் கவனியுங்கள்: புறங்கையில் புடைத்த நரம்பு, முதுமையில் வீங்கிய முட்டி, கழுத்துச் சுருக்கம், எல்லாம் லிண்டன் மரத்தில். நாஜிகள் இதைக் கழற்றி நியூரம்பர்க்குக் கொண்டுபோனார்கள். 1946-இல் திரும்பி வந்தது. பீடத்தின் கதவுகளை வழக்கமாக நண்பகலுக்குச் சற்று முன்பு திறப்பார்கள். அன்றைய நேரத்தை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த பீடத்தைப் பார்க்காமல் கிராக்கோவிலிருந்து கிளம்புவதை நான் ஒப்பமாட்டேன்.

சதுக்கத்தின் நடுவில் நீண்டு கிடப்பது சுகென்னித்செ என்ற துணி மண்டபம். 1555 தீ விபத்துக்குப் பிறகு மறுமலர்ச்சிக் காலப் பாணியில் புதுப்பித்தது. கீழே கைவினைப் பொருள் கடைகள். மேலே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலந்து ஓவியங்கள். அந்த நூற்றாண்டு முழுக்க இந்த நாடு ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றாலும் பங்குபோடப்பட்டு வரைபடத்திலேயே இல்லாமல் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்த ஓவியங்களைப் பாருங்கள். தோற்ற நாட்டின் வெற்றிகளை மதெய்கோ ஏன் அவ்வளவு பெரிய திரைகளில் வரைந்தார் என்று விளங்கும்.

மண்டபத்தின் முன்னால் இருப்பது கவிஞர் ஆடம் மிட்ஸ்கியேவிச் சிலை. 1898-இல் நிறுவி, 1940-இல் நாஜிகள் உடைத்து, 1955-இல் திரும்ப நின்றது. ஊர்க்காரர்கள் சந்திக்கும் இடம் இதுதான். அருகே சதுக்கத்தின் மூலையில் புனித வொய்ச்செக்கின் குட்டி ஆலயம் இருக்கிறது. அதன் பழைய சுவர் தரைக்குக் கீழே இறங்கிப் போவதைக் காணலாம். சதுக்கம் பிறக்கும் முன்பே இருந்த ஆலயம் அது. நூற்றாண்டுகளாக மண்ணும் கல்லும் சேர்ந்து சதுக்கத்தின் தரை உயர்ந்துவிட்டது. அந்தப் பழைய தரையையே பார்க்க விரும்பினால், 2010-இல் துணி மண்டபத்தின் அடியில் திறந்த நிலத்தடி அருங்காட்சியகத்தில் இறங்கலாம். இடைக்காலச் சந்தையின் பாதையும் கடைகளின் அடித்தளமும் அங்கே கிடக்கின்றன. கூட்டம் கட்டுப்படுத்தப்படும் என்பதால் முன்பதிவு செய்யுங்கள்.

தனியாக நிற்கும் 70 மீட்டர்க் கோபுரம், 1820-இல் இடித்த நகர மன்றத்தின் மிச்சம். 1703-இல் அடித்த புயலால் 55 சென்டிமீட்டர் சாய்ந்திருக்கிறது. சதுக்கத்தில் மின் வண்டிக்காரர்கள் சுற்றிக்காட்டுவதாக விடாமல் கூப்பிடுவார்கள். நடக்க முடியாதவர்களுக்குத் தவிர அது தேவையில்லை.

மேற்கே சிறு விலகல்

சதுக்கத்திலிருந்து மேற்கே இரண்டு நிமிட நடையில் கொலேஜியம் மாயுஸ். 1364-இல் அரசர் காசிமிர் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம். கோப்பர்நிக்கஸ் 1491 முதல் 1495 வரை இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார். முற்றத்துக்குள் காசில்லாமல் போகலாம். காசிமிருக்குப் பின் படுத்துவிட்ட பல்கலைக்கழகம் எழுந்தது அரசி யாத்விகாவால். 1399-இல் இறக்கும்போது தன் நகைகளை அதற்கே எழுதி வைத்தாள். அந்தப் பெயரை மறக்காதீர்கள். வாவெலில் அவளைச் சந்திப்பீர்கள்.

தெற்கே நடந்து ஃபிரான்சிஸ்கன் ஆலயத்தை மாலை வெயில் நேரத்தில் அடையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நுழைந்ததும் திரும்பி வாசலுக்கு மேலே பாருங்கள். ஸ்தனிஸ்வாவ் விஸ்பியான்ஸ்கி வரைந்த கண்ணாடி ஜன்னலில், உலகைப் படைக்கும் தந்தைக் கடவுள் கை உயர்த்தி நிற்கிறார். மேற்குப் பார்த்த ஜன்னல் என்பதால் பிற்பகலில்தான் அந்த நீலமும் பச்சையும் எரியும். காலையில் போனால் மங்கிய கண்ணாடி மட்டுமே தெரியும். எதிரே உள்ள பேராயர் இல்லத்தின் ஜன்னலில் நின்றுதான் இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் தம் ஊருக்கு வரும்போதெல்லாம் இளைஞர்களோடு பேசினார்.

வாவெலை நோக்கி

இனி குரோட்ஸ்கா தெரு. இடப்பக்கம் பன்னிரண்டு சீடர்களின் சிலைகள் வரிசையாக நிற்பது புனித பேதுரு பவுல் ஆலயம். எல்லோரும் அதைப் படமெடுத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்து இருக்கும் வெள்ளைக் கல் ஆலயத்தை விட்டுவிடாதீர்கள்: பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த புனித அந்திரேயா ஆலயம். கீழே ஜன்னல்களுக்குப் பதில் அம்புத் துளைகளே. 1241-இல் மங்கோலியர் வந்தபோது மக்கள் உள்ளே புகுந்து தற்காத்துக்கொண்ட இடம். பிறகு எதிர்ப்பக்கம் இணையாக ஓடும் கனோனிச்சா தெருவுக்கு மாறுங்கள். நகரத்தின் மிக அழகான தெரு அது என்பது என் தீர்ப்பு. அதன் முடிவில் குன்று ஏறும் பாதை தொடங்கும்.

குன்றின் மேல் திறந்தவெளிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அரண்மனைக்கும் பேராலயத்துக்கும் டிக்கெட் தனித்தனி, கவுண்டரும் தனித்தனி. அரண்மனையிலேயே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டிக்கெட். ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் அரசவை அறைகளைத் தேர்ந்தெடுங்கள். தூதர் மண்டபத்தின் கூரையைப் பாருங்கள்: கட்டம் கட்டமான மரப்பலகையிலிருந்து மனிதத் தலைகள் கீழே எட்டிப் பார்க்கும். முதலில் 194 இருந்தன, எஞ்சியவை 30. அதில் ஒரு பெண்ணின் வாய் துணியால் கட்டியிருக்கிறது.

பேராலய வாசலில் சங்கிலியில் பெரிய எலும்புகள் தொங்கும். அவை விழும் நாளில் உலகம் முடியும் என்பார்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. ஞாயிறு காலை வழிபாட்டுக்கு உரியது. பார்க்க வேண்டியவை மூன்று. பொற்கூரை வேய்ந்த சிகிஸ்மண்ட் சிற்றாலயம், பெர்ரெச்சி என்ற இத்தாலியக் கலைஞர் கட்டியது. குறுகலான மரப்படிகளில் உத்தரங்களுக்கு இடையே குனிந்து ஏறி அடையும் சிகிஸ்மண்ட் மணி, 1520-இல் வார்த்தது. ஒன்பதரை டன்னுக்கு மேல். பெருநாட்களில் மட்டும் பன்னிரண்டு பேர் சேர்ந்து இழுத்து அடிக்கிறார்கள். மூன்றாவது, அரசி யாத்விகாவின் கல்லறை. 1949-இல் அதைத் திறந்தபோது செங்கோலையும், அரசச் சின்னமான உருண்டையையும் மரத்திலும் தோலிலும் செய்து பொன் முலாம் பூசியிருந்தது தெரிந்தது. உண்மைப் பொன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. அந்தச் செங்கோலைப் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

அரண்மனை முற்றத்தின் ஒரு மூலையில் சிலர் சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்மூடி நிற்பதைக் காணலாம். சிவபெருமான் உலகில் எறிந்த ஏழு கற்களில் ஒன்று அந்த மூலையின் அடியில் இருக்கிறது என்றொரு நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டில் இங்கே பரவியது. வாவெல் சக்கரம் என்கிறார்கள். தமிழ் வாசகர்களுக்கு அந்தக் காட்சி வியப்பாக இருக்கும். நிற்பவர்களைத் தொந்தரவு செய்யாமல் கடந்து போங்கள்.

குன்றிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால் குகையின் வாயிலில் டிராகன் சிலை. சிற்பி புரோனிஸ்வாவ் குரோமி செய்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாயிலிருந்து உண்மையான நெருப்பு வரும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை நாளின் கடைசிப் பரிசாக வைத்துக்கொள்ளலாம். பசிக்கு 'பார் மிலெச்னி' என்ற பலகை உள்ள எளிய உணவகங்களைத் தேடுங்கள். பியெரோகி ருஸ்கியே என்பது சோமாசி வடிவில், உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து வேகவைத்தது. சைவம்தான், ஆனால் மேலே பன்றிக் கொழுப்பு வறுவல் தூவுவது உண்டு. "பெஸ் மியென்சா" (இறைச்சி இல்லாமல்) என்று சொல்லியே வாங்குங்கள். ஜுரெக் சூப்பில் பெரும்பாலும் தொத்திறைச்சி இருக்கும்.

இரண்டாம் நாள்

வாவெலிலிருந்து தென்கிழக்கே கால் மணி நேரம் நடந்தால் கஜிமியெஷ். 1335-இல் அரசர் காசிமிர் தனி நகரமாகத் தொடங்கியது. 1495-இல் கிராக்கோவ் யூதர்களை இங்கே அனுப்பினார்கள். ஷெரோகா தெருவில் பழைய தொழுகைக்கூடமும், ரெமூ தொழுகைக்கூடமும் அதன் கல்லறைத் தோட்டமும் உள்ளன. 1572-இல் இறந்த யூதச் சட்ட அறிஞர் மோசஸ் இசெர்லஸ் அங்கே அடங்கியிருக்கிறார். கல்லறைக் கற்களின் மேல் கூழாங்கல் வைத்திருப்பார்கள், உள்ளே காகிதத்தில் எழுதிய வேண்டுதல்களும் இருக்கும், எதையும் எடுக்காதீர்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும். சனிக்கிழமை மூடியிருக்கும்.

நோவி சதுக்கத்தின் வட்டக் கட்டடத்தில் நீள ரொட்டியில் காளானும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட சப்பியெகாங்கா கிடைக்கும். பிறகு பெர்னாடெக் நடைபாலத்தில் ஆற்றைக் கடங்கள். மறுகரை போட்கூஜே. 1941 மார்ச்சில் நாஜிகள் யூதர்களை இங்கே சுவர் எழுப்பி அடைத்தார்கள். 1943 மார்ச்சில் அந்தச் சேரியை அழித்தார்கள். மக்களைக் கூட்டி ரயிலேற்றிய திடலில் இப்போது வெறும் இரும்பு நாற்காலிகள், சிறியதும் பெரியதுமாக 70. வெளியேற்றிய வீடுகளிலிருந்து தெருவில் எறிந்த சாமான்களின் நினைவு. தயவுசெய்து அதில் உட்கார்ந்து சிரித்துப் படம் எடுக்காதீர்கள். திடலின் மூலையில் 'கழுகு' மருந்துக்கடை. சேரிக்குள் இருந்து கடை நடத்த அனுமதி பெற்ற ததேயுஷ் பன்கியேவிச் என்ற போலந்துக்காரர் மருந்தும் செய்தியும் மறைவிடமும் கொடுத்த இடம். இப்போது சிறு அருங்காட்சியகம். லுவோவ்ஸ்கா தெருவில் சேரிச் சுவரின் ஒரு துண்டு நிற்கிறது. மேல் விளிம்பை யூதக் கல்லறைக் கற்களின் வளைவிலேயே கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் போய் நின்று பார்த்தால்தான் அந்தக் கொடுமையின் நோக்கம் உறைக்கும்.

கடைசியாக லிபோவா தெரு 4, தன்னிடம் வேலை செய்த யூதர்களைக் காப்பாற்றிய ஜெர்மானியத் தொழிலதிபர் ஆஸ்கர் ஷிண்ட்லரின் பாத்திரத் தொழிற்சாலை. 2010 முதல் போர்க்காலக் கிராக்கோவின் அருங்காட்சியகம். நேரம் குறித்த டிக்கெட். பல நாள் முன்பே பதிவு செய்யாவிட்டால் கிடைப்பது கடினம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வெளியே வந்தால் சில நிமிட நடையில் ஸபுவொச்சே ரயில் நிறுத்தம். அங்கே நிற்கும் உள்ளூர் ரயில் ஒரு திசையில் பிரதான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும், மறு திசையில் வியெலிச்கா உப்புச் சுரங்கத்துக்கும் போகிறது. மூன்றாம் நாள் கையில் இருந்தால் அங்கே போங்கள்.